கடலே இல்லாத கொங்கு நாட்டில் இருந்துகொண்டு பூமியின் வளைவைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பல்லடத்துக்காரர். விண்வெளிப் படங்களையோ பாடநூலையோ நம்பி ஏற்காமல், வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பூமி வளைந்திருப்பதை உறுதிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். தொலைவில் தெரியும் காற்றாலைகளின் அடிப்பகுதி மறைந்திருப்பதை அதற்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். ஒரு மீட்டர் நீளமுள்ள குழாய், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், தொலைதூர ஊர்களில் வசிக்கும் இரண்டு உறவினர்கள், இவ்வளவு போதும். ஆனால் மாடிக்கு ஏறுவதற்கு முன்பே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, பூமி தட்டையாக இருந்தால் என்ன அளவு வரும், உருண்டையாக இருந்தால் என்ன அளவு வரும் என்று இரண்டையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம்முடைய அளவீட்டுப் பிழையைவிடப் பல மடங்கு பெரியதாக இல்லாவிட்டால், சோதனையின் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதனால் எதுவும் நிரூபணமாகாது. இணையத்தில் இரு தரப்பாரும் காட்டும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன என்பது என் கருத்து.

காற்றாலையை இதே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். நாம் நிற்கும் இடத்தில் தரையைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழிறங்குகிறது என்பதை அறிய, கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கத்தை 12.74 ஆல் வகுத்தால் மீட்டரில் விடை கிடைக்கும். ஒரு கிலோமீட்டரில் இறக்கம் 8 சென்டிமீட்டர். ஐந்து கிலோமீட்டரில் ஏறத்தாழ 2 மீட்டர். பத்து கிலோமீட்டரில் 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பல்லடத்திலிருந்து தாராபுரம் வரையிலும் உடுமலை வரையிலும் நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டிய எவருக்கும் தெரியும். பத்து கிலோமீட்டருக்குள் ஒரு மேடு எட்டு மீட்டர் உயர்ந்திருப்பது அங்கே சாதாரணம். எனவே காற்றாலையின் அடி மறைந்திருந்தால், அதை மறைத்தது வளைவா மேடா என்று சொல்ல வழியில்லை. அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மேடு பள்ளம் இல்லாத பரப்பு வேண்டுமென்றால் நீர்ப்பரப்பைத் தேட வேண்டும். இந்த வகையில் புகழ்பெற்றது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கால்வாயில் நடந்த சோதனை. 1838இல் சாமுவேல் ராபாதம் என்பவர் அந்த நீரில் இறங்கி, நீர்மட்டத்துக்கு எட்டே அங்குலம் மேலே கண்ணை வைத்துக்கொண்டு, ஆறு மைல் தொலைவு வரை விலகிச் சென்ற படகு மறையவில்லை என்று கூறி, பூமி தட்டை என்று அறிவித்தார். 1870இல் ஜான் ஹாம்ப்டன் என்பவர் இதையொட்டி 500 பவுண்டு பந்தயம் விடுத்தபோது, நில அளவையில் பயிற்சி பெற்றிருந்த இயற்கை அறிவியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அதை ஏற்றுக்கொண்டார். அவர் செய்த மாற்றங்கள் இரண்டுதான். பார்வைக் கோட்டை நீருக்கு ஏறத்தாழ 13 அடி மேலே உயர்த்தினார். இரு முனைகளுக்கும் நடுவில் அதே உயரத்தில் ஒரு வட்டக் குறியை நிறுத்தினார். தொலைநோக்கி வழியே பார்த்தபோது நடுக்குறி இரு முனைகளையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே நின்றது.

உயர்த்தியது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். நீருக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையே வெப்பநிலை வேறுபடும்போது, நீரை ஒட்டிய காற்றில் ஒளி வளைந்து செல்கிறது. நீர் குளிர்ந்தும் மேலே காற்று சூடாகவும் இருந்தால் ஒளி பூமியின் வளைவோடு சேர்ந்தே வளைந்து, மறைய வேண்டிய படகைத் தூக்கிக் காட்டும். நடுக்குறி வைக்கும் முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர்ப்பரப்பு ஒரே சீராகச் சரிந்திருந்தாலும் மூன்று குறிகளும் நேர்கோட்டில்தான் நிற்கும். பரப்பு புடைத்திருந்தால் மட்டுமே நடுக்குறி மேலே எழும்.

நம் பகுதியில் இதைச் செய்ய இடம் இருக்கிறதா என்று நானும் தேடினேன். கீழ்பவானி வாய்க்காலும் காலிங்கராயன் வாய்க்காலும் நிலத்தின் போக்குக்கேற்ப வளைந்து வளைந்து செல்பவை. ஐந்து கிலோமீட்டர் நேராக ஓடும் பகுதி கிடைப்பது அரிது. பவானிசாகர் அணையின் கரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் நீளம் கொண்டது, நீர்த்தேக்கமும் விரிந்தது. எட்டு கிலோமீட்டரில் நடுவிலிருந்து ஒவ்வொரு முனையும் நான்கு கிலோமீட்டர்; ஆகவே நடுப்பகுதியின் புடைப்பு 1.26 மீட்டர் வர வேண்டும் என்பதால் கணக்களவில் அது நல்ல இடமே. ஆனால் அனுமதியின்றி உள்ளே போக முடியாது, தேக்கத்தை ஒட்டிய காடு யானைகள் நடமாடும் இடம், பகல் வெயிலில் நீர்மேல் கானல் ஆடும். வீட்டுச் சோதனையாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலை உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளக்கும் முறையும் பழமையானது. பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி என்னும் அறிஞர் அதைக் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்தார். தொட்டபெட்டாவிலிருந்து சமவெளியைப் பார்த்தால் தாழ்வு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வர வேண்டும். ஆனால் நாம் அங்கிருந்து காண்பது பெரும்பாலும் தொடுவானம் அல்ல, தூசும் மூட்டமும் பார்வையை மறைக்கும் எல்லை. தட்டையான நிலத்திலும் அத்தகைய எல்லை கண்மட்டத்துக்குக் கீழேதான் தெரியும்.

எஞ்சியிருப்பது நிழல். அதற்குக் கொங்கு நாடு மிக வாய்ப்பான இடத்தில் அமைந்திருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இருமுறை நம் உச்சிக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் 18, 19 தேதிகளை ஒட்டியும், ஆகஸ்ட் 23, 24 தேதிகளை ஒட்டியும். அன்று உச்சிப்பொழுதில் செங்குத்தான குழாய்க்கு நிழலே விழாது. ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வந்துகொண்டிருக்கும், டெல்லியிலும் மழைக்காலம். ஆகவே சித்திரை பிறந்த முதல் வாரமே சிறந்தது. இதைவிடப் பெரிய வாய்ப்பு, ஈரோட்டின் தீர்க்கரேகை 77.7 டிகிரி, டெல்லியினுடையது 77.2, கஜகஸ்தானின் அல்மாட்டியினுடையது 76.9. மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே வடக்குத் தெற்குக் கோட்டில் இருப்பதால் மூன்றிலும் உச்சிப்பொழுது சில நிமிட வேறுபாட்டில் வந்துவிடும். நம் ஊரில் அது இந்திய நேரப்படி பகல் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும்.

இரண்டு ஊர்கள் போதாதா என்று கேட்கலாம். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் சையீன், அலெக்சாந்திரியா ஆகிய இரண்டு ஊர்களைக் கொண்டுதான் பூமியின் சுற்றளவைக் கணித்தார். ஆனால் அவர் பூமி உருண்டை என்பதையும் சூரியன் வெகு தொலைவில் இருப்பதையும் முன்பே ஏற்றுக்கொண்டு, அளவை மட்டும் தேடினார். இரண்டு ஊர்களின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டால், தட்டையான நிலத்துக்கு மேலே ஆறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் தொங்குகிறது என்று சொல்பவரையும் மறுக்க முடியாது. மூன்றாவது ஊர்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

டெல்லியில் பின்னலாடை வணிகம் செய்யும் என் மச்சானும், அல்மாட்டியில் மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகளும் உதவினார்கள். மூவரும் ஒரு மீட்டர் குழாயை நிறுத்தி, தூக்குக்குண்டால் இரண்டு பக்கமும் சரிபார்த்தோம். இதில் எவ்வளவு கவனம் எடுத்தாலும் தகும், ஏனெனில் குழாய் ஒரு டிகிரி சாய்ந்தால் முடிவில் 111 கிலோமீட்டர் பிழை நுழைந்துவிடும். மொட்டை மாடியில் மழைநீர் வடிய வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள் என்பதால், ஒரு பலகையை வைத்து ரசமட்டத்தால் மட்டம் பிடித்து அதன் மேல் அளக்க வேண்டும். சூரியன் வானில் அரை டிகிரி அகலம் உடையது. அதனால் நிழலின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகவே விழும். குழாயின் தலையில் சிறு துளையிட்ட அட்டையைச் சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் பொருத்தினால், தரையில் சூரியனின் வட்ட வடிவம் விழும். அதன் மையத்தைக் குறித்தால் பிழை சில மில்லிமீட்டருக்குள் அடங்கும். கடிகாரம் எதைக் காட்டினாலும், நிழல் மிகக் குறுகும் கணத்தின் அளவே நமக்கு வேண்டியது.

ஈரோட்டில் நிழல் குழாயின் அடியிலேயே ஒடுங்கியது. டெல்லியில் 31 சென்டிமீட்டர். "சித்தப்பா, இங்கே பாதிக் குழாய்க்கு மேலேயே வந்துவிட்டதுங்க, 62 இருக்கிறது" என்று அல்மாட்டியிலிருந்து தகவல் வந்தது. ஈரோட்டிலிருந்து டெல்லி நேர்கோட்டில் ஏறத்தாழ 1,910 கிலோமீட்டர்; அல்மாட்டி 3,535. தூரம் 1.85 மடங்கு ஆகிறது. நிலம் தட்டையாக இருந்தால் நிழலும் அதே 1.85 மடங்காக, அதாவது அல்மாட்டியில் 57 சென்டிமீட்டர் அளவில் வந்திருக்க வேண்டும். வந்ததோ சரியாக இரண்டு மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு என்பது எங்கள் அளவீட்டுப் பிழையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நிழலைக் கோணமாக மாற்றினால் டெல்லிக்கு 17.2 டிகிரி, அல்மாட்டிக்கு 31.8 டிகிரி, இந்த விகிதம்தான் 1.85. தூரத்தோடு சேர்ந்து சீராக வளர்வது நிழல் அல்ல, கோணம். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று இரண்டு ஊர்களும் ஒரே விடையைத் தருகின்றன. அதை 360 ஆல் பெருக்கினால் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: வரைபடத் தூரங்களே உருண்டை பூமியை வைத்துக் கணக்கிட்டவைதானே? இந்தியாவைப் பொறுத்தவரை இதற்கு நல்ல விடை இருக்கிறது. பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் எஃகுச் சங்கிலியை நீட்டித் தம் முதல் அடிக்கோட்டை, அதாவது முக்கோண அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை, அளந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளந்தார். மலைக்கு மலை முக்கோணங்களாகக் கோத்துச் சென்ற அந்தப் பெருவில் அளவை, கரூருக்கும் நாமக்கல்லுக்கும் சற்று மேற்கே செல்லும் 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, குமரி முனைப் பகுதியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது. தூரம் தரையில் அளக்கப்பட்டது. கோணம் விண்மீன்களைப் பார்த்துத் தனியாக அளக்கப்பட்டது. தென்னாட்டிலிருந்து டெல்லி வரையான தூரத்துக்கு அந்தச் சங்கிலியே சாட்சி.

வெளிநாட்டில் உறவினர் இல்லாதவர்கள் கன்னியாகுமரியை எடுத்துக்கொள்ளலாமா என்று நினைக்கக்கூடும். அதன் தீர்க்கரேகையும் 77.5தான். அன்று அங்கே நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 5.7 சென்டிமீட்டர் விழும். அதிலிருந்து சுற்றளவை ஓரளவு கணக்கிடலாம், ஆனால் தட்டைக்கும் உருண்டைக்கும் உள்ள வேறுபாடு அங்கே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பதிலாக, மாசி மாத இரவில் ஒன்பது மணி அளவில் தெற்கு வானில் ஒளிரும் அகத்திய விண்மீனைப் பாருங்கள். நமக்கு அது தெற்குத் தொடுவானத்திலிருந்து 26 டிகிரி உயரம் வரை வரும். டெல்லியில் 9 டிகிரிதான். வடக்கே 37 டிகிரி அட்சரேகையைத் தாண்டியவர்களுக்கு அது ஆண்டு முழுவதும் தொடுவானத்துக்குக் கீழேயே இருக்கும். கோணமானியின் மையத்தில் நூலும் சிறு குண்டும் கட்டி, அதன் நேர்விளிம்பு வழியே பார்த்தால் ஒரு டிகிரிக்குள் உயரத்தைப் படித்துவிடலாம். டெல்லி செல்லும் ரயிலில் ஏறுபவர் யாராக இருந்தாலும் அவரிடம் இந்தக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.