குதிரையேற்றத்துக்கு ஏற்ற காலணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குதிரையேற்றம் கற்க வருகிறவர்கள் குதிரையின் வயது, குணம், தீனி என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். காலில் எதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. மதுரை வட்டாரத்திலிருந்து இம்முறை வந்திருக்கும் கேள்விகள் பலவும் அதைப் பற்றியே இருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது.

வார இறுதியில் மட்டும் குதிரையேற்றம் கற்கிறேன். ஓட்டப் பயிற்சிக்காக வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூ என்னிடம் இருக்கிறது. மெத்தென்று வசதியாகவும் இருக்கிறது. அதுவே போதாதா? (திருநகர்)

போதாது. சேணத்தின் இருபுறமும் தொங்குகிற, நாம் பாதத்தை ஊன்றிக்கொள்கிற இரும்பு வளையத்தை அங்கவடி என்கிறோம். குதிரை மிரண்டு ஒதுங்கினாலோ, கால் இடறினாலோ நம் பாதம் அந்த வளையத்துக்குள் முன்னோக்கி வழுக்கும். காலணியில் சுமார் இரண்டரை செ.மீ. உயரமுள்ள ஹீல் இருந்தால், அது அங்கவடியின் அடிக்கம்பியில் இடித்து நின்றுவிடும். ஹீல் இல்லாவிட்டால் பாதம் முழுவதும் கணுக்கால் வரை உள்ளே போய்விடும்; அந்த நிலையில் கீழே விழுகிறவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். குதிரையேற்ற விபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் முதல் வகுப்புக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வந்தார். ஒரு நாள்தானே என்று நான் அனுமதித்தது தவறு. குதிரை நடையில்தான் போய்க்கொண்டிருந்தது. சாலையோரம் நின்ற லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடத்ததும் அது ஓரடி பக்கவாட்டில் துள்ளியது. மாணவர் விழவில்லை, ஆனால் வலது பாதம் கணுக்கால் வரை அங்கவடிக்குள் இறங்கிவிட்டது. சோலின் பின்பகுதி அகலமாக விரிந்திருந்ததால் வந்த வழியே வெளியே வரவும் இல்லை. ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷூ நாடாவை அவிழ்த்து, காலை மட்டும் உருவி எடுத்தோம். அவருடைய புறங்காலில் கம்பி பதிந்த சிவந்த கோடு தெரிந்தது. ஷூ அங்கவடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட ஷூவோடு யாரையும் நான் ஏற்றுவதில்லை.

மெத்தென்று இருப்பதும் இங்கே குறைதான். மெத்தையான சோல் அங்கவடிக் கம்பியின் மேல் வளையும். உடலின் பாரம் முழுவதும் ஒரே கோட்டில் விழுந்து உள்ளங்கால் விரைவில் வலிக்கும். குதிரையேற்றத்துக்கென்று செய்யப்படும் நல்ல காலணிகளில் சோலுக்குள் ஒரு மெல்லிய எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். அது பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும்.

எனவே, கணுக்காலை மூடுகிற, இருபுறமும் எலாஸ்டிக் வைத்த, நாடா இல்லாத ஜோத்பூர் பூட்ஸ் ஒன்றை வாங்குங்கள். சோல் வழவழப்பாகவோ, மிக ஆழமற்ற வரிகளோடோ இருக்கவேண்டும். அது கைக்கு வரும்வரை, தெளிவான ஹீல் உள்ள அலுவலகத் தோல் ஷூ நான்கைந்து வகுப்புகளுக்குத் தாங்கும். மலையேற்றத்துக்கான பூட்ஸ் வேண்டாம். பாறையைக் கவ்வுவதற்காக வெட்டப்பட்ட அதன் பற்கள் அங்கவடியையும் கவ்வும்.

என் தாத்தா வெறுங்காலோடுதான் குதிரை ஓட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியிருக்க, பூட்ஸ் என்பது வெறும் ஆடம்பரம் அல்லவா? (உசிலம்பட்டி)

உங்கள் தாத்தாவின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் எப்படி ஏறினார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். சேணம் இல்லாமல், முதுகில் ஒரு துணியை விரித்து ஏறியிருந்தால், கால் சிக்கிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. நம் நாட்டில் வெறுங்கால் சவாரிக்கென்றே தனியாக ஓர் ஏற்பாடும் இருந்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுள்ள சாஞ்சிச் சிற்பங்களில், கால் கட்டைவிரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் சிறிய வளையத்தைக் காணலாம். வெப்ப நாட்டில் செருப்பில்லாமல் சவாரி செய்தவர்களுக்கு அது பொருத்தமான கருவி. அதற்குள் முழுப் பாதமும் நுழைய வழியே இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அங்கவடி, பூட்ஸ் அணிந்த பாதத்துக்காகவே அமைந்தது. ஹீல் என்பதே சவாரிக்காரர்களிடமிருந்து பிறந்தது என்றும், பாரசீகக் குதிரை வீரர்களைப் பார்த்தே ஐரோப்பியர் அதை எடுத்துக்கொண்டார்கள் என்றும் காலணி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

தரையில் நிற்கும்போதும் பாதுகாப்பு வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரை லாடமடித்த குளம்பை உங்கள் வெறுங்காலின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கியதைப் பார்த்ததிலிருந்து என் ஒன்பது வயது மகள் குதிரையேற்றம் கற்கவேண்டும் என்கிறாள். கால் வளர்ந்துகொண்டே இருக்கும் வயது. இரண்டு அளவு பெரியதாக வாங்கிவிடலாமா? (அண்ணா நகர்)

வேண்டாம். விரல் நுனிக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் போதும். அதற்கு மேல் பெரிதானால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும், அங்கவடியில் பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் குழந்தைக்குக் கிடைக்காது. முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுப்பதும் சரியல்ல.

காலணியை விடவும் நீங்கள் கவனிக்கவேண்டியது அங்கவடியின் அளவு. பெரியவர்களின் அங்கவடியில் ஒரு சிறுமியின் பாதம் ஹீலோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். ஆகவே வகுப்பில் குழந்தைகளுக்கான சிறிய அங்கவடி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் மாட்டிய பாதுகாப்பு அங்கவடியும் உண்டு. கால் சிக்கினால் ரப்பர் கழன்று பாதத்தை விட்டுவிடும். அதை மாட்டும்போது ரப்பர் வெளிப்பக்கமாக இருக்கவேண்டும்.

செலவைக் குறைக்க, மற்றப் பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன பூட்ஸை வாங்குவது நல்ல வழி. வாங்கும் முன் சோலைக் கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள். பாலியூரிதேன் சோல் சில ஆண்டுகள் பெட்டியில் சும்மா கிடந்தாலே காற்றின் ஈரத்தால் உளுத்து, காய்ந்த ரொட்டிபோல் உதிரும். மேல்தோல் புதிதுபோல் இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

முழங்கால் வரை வரும் நீண்ட பூட்ஸை இணையத்தில் வாங்க நினைக்கிறேன். அளவு எடுப்பது எப்படி? (மேலூர்)

மாலையில் எடுங்கள், பகல் முழுவதும் நடமாடிய பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். சவாரிக்கு அணியும் பேண்டையும் காலுறையையும் போட்டுக்கொண்டு, முழங்கால் நேர்கோணத்தில் மடியும்படி நாற்காலியில் அமருங்கள். பாதம் தரையில் முழுமையாகப் பதியட்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம் ஓர் அளவு. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு மற்றோர் அளவு. இரண்டு கால்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள். இஞ்ச் டேப்பைத் தொய்வில்லாமல், அதேசமயம் இறுக்கிப் பிடிக்காமல் சுற்றவேண்டும். பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, நீளத்தைச் செ.மீ. கணக்கில் எழுதி அனுப்புவது நல்லது. நம் கடைகளின் 7-ம், ஐரோப்பிய நிறுவனங்களின் 41-ம் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

புதுப் பூட்ஸைப் போட்டதும் அதன் மேல்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை உரசும். பெரிது என்று நினைத்துப் பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பொறுத்திருங்கள். சில வாரங்களில் கணுக்கால் பகுதியில் தோல் மடிப்பு விழுந்து, பூட்ஸ் இரண்டு மூன்று செ.மீ. கீழே இறங்கிவிடும். முதல் நாளிலேயே சரியாக இருக்கும் பூட்ஸ் அதன் பிறகு குட்டையாகத் தெரியும். அதுவரை உள்ளே ஒரு மெல்லிய குதிகால் பட்டையை வைத்துக்கொண்டால் உரசல் குறையும். வீட்டில் தினமும் அரை மணி நேரம் போட்டு, படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழக்குங்கள்.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை இதுவன்று. குட்டைப் பூட்ஸும், அதற்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் உறையான ஹாஃப் சாப்ஸும் விலை குறைந்தவை. நம் வெயிலுக்கும் ஏற்றவை. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் வந்த பிறகு நீண்ட பூட்ஸ் வாங்கினால் போதும். சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கான்பூரில் அளவு கொடுத்துச் செய்து வாங்கவும் வழியிருக்கிறது.

அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. பூட்ஸை மாற்றவேண்டுமா? (திருமங்கலம்)

முதலில் அங்கவடியை அளந்து பாருங்கள். பூட்ஸின் மிக அகலமான இடத்தைவிட அதன் உள் அகலம் மொத்தமாக இரண்டரை செ.மீ. அளவுக்கு அதிகமாக இருக்கவேண்டும். இறுக்கமான அங்கவடி சுண்டுவிரலை நெரிப்பதோடு, அவசரத்தில் காலையும் விடாது. அது சரியாக இருந்தால், பாதத்தை எங்கே ஊன்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். விரல் நுனியில் ஊன்றி, விரல்களை மடக்கிக் கம்பியைப் பற்ற முயல்கிறவர்களுக்கு எந்தப் பூட்ஸிலும் மரத்துப்போகும். பெருவிரலின் அடிப்பகுதியை ஒட்டிய அகன்ற பாகம் கம்பியின் மேல் படிந்து, குதிகால் சற்றே தாழ்ந்திருக்கவேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தும் மரத்துப்போனால் மட்டும் முன்பகுதி அகன்ற பூட்ஸைத் தேடுங்கள்.

எனக்கு 58 வயது; பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலணியில் தனியாக ஏதும் கவனிக்கவேண்டுமா? (சோழவந்தான்)

உள்ளங்காலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சோதித்த பிறகே தொடங்குங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால், புண் ஏற்பட்டாலும் தெரியாது. பாதம் அங்கவடியில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதும் தெரியாது. மருத்துவர் சம்மதித்தால், உட்புறம் தையல் துருத்தாத மென்தோல் பூட்ஸாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். லாயத்தில் ஒரு சிறு கல்லோ வைக்கோல் துண்டோ உள்ளே விழுவது எளிது. இறங்கிய பின் வீட்டில் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

மதுரை வெயிலில் பூட்ஸுக்குள் கால் வெந்துபோகிறது. மழைக்காலத்திலோ பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது? (நாகமலை புதுக்கோட்டை)

கோடையில் காலை எட்டு மணிக்குள் சவாரியை முடித்துவிடுங்கள். குதிரைக்கும் அதுதான் நல்லது. தடித்த பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுருண்டு, கொப்புளத்தை உண்டாக்கும். செயற்கை இழை கலந்த, மெல்லிய, முழங்கால் வரை நீண்ட காலுறை விரைவில் உலரும். பூட்ஸின் உள்துணி ரெக்சினாக இல்லாமல் தோலாக இருந்தால் வெப்பம் தணிந்திருக்கும்.

சவாரி முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். குதிரையின் வியர்வையிலுள்ள உப்பும், லாயத்துச் சிறுநீரும் தையல் நூலை அரிக்கும். நனைந்த பூட்ஸை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். நன்றாக உலர்ந்த பின் தோலுக்கான கிரீமை மெல்லியதாகப் பூசி, காற்றுப் போகும் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதால்தான் பெரும்பாலும் பூஞ்சை வருகிறது.

கொடைக்கானல் ஏரிக்கரையில் பத்து நிமிடம் குதிரையில் போவதற்கும் இதெல்லாம் வேண்டுமா? (தல்லாகுளம்)

பூட்ஸ் வேண்டாம், ஆனால் ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள். ஹீல் உள்ள ஷூ இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அங்கவடியில் காலை வைக்காமல் தொங்கவிட்டு, சேணத்தின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்காரரிடம் நடையிலேயே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.