பசுமைப் பொய்யும் பங்கு விலையும்: கேள்வி பதில்

திருமங்கலம் தம்பி: அண்ணே, 'பசுமை'ன்னு கம்பெனி பொய் சொன்னா பங்கு விலை நிஜமாவே இறங்குமா?

சொல்லும்போது இறங்காது, மாட்டும்போது இறங்கும். 'சுத்தமான டீசல்' என்று ஜெர்மன் கார் கம்பெனி வோக்ஸ்வாகன் விற்ற கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள். இரண்டே வர்த்தக நாளில் பங்கு மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காலி. புகையில் பொய் சொன்னவன் கணக்கில் மட்டும் நிஜம் சொல்வானா என்ற சந்தேகம் வந்துவிட்டால் சந்தை நின்று கேட்காது.

மேலூர் வாசகர்: எந்தப் பங்கு வாங்கலாம் சார்?

சொல்ல மாட்டேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகரைப் பாருங்கள்.

அண்ணாநகர் வாசகி: ஆண்டறிக்கையில் எதைப் பார்த்து நம்புவது?

மரக்கன்று நடும் போட்டோவைத் தாண்டிப் போங்கள் மேடம். பங்குச் சந்தையில் பட்டியலான, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய) அறிக்கை தந்தாக வேண்டும். அதில் 'கொள்கை 6' என்ற பகுதிதான் சுற்றுச்சூழல். தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாம் இந்த ஆண்டு, போன ஆண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 'ஒரு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு புகை' என்ற வரியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், சரக்கு விலையை ஏற்றி விற்பனைத் தொகை கூடினாலே அது குறைந்துவிடும், புகைபோக்கியில் ஒன்றும் குறைந்திருக்காது. மொத்த அளவைப் பாருங்கள், வெளியாள் யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

செல்லூர் அண்ணாச்சி: வோக்ஸ்வாகன் இன்னும் கார் விற்கத்தானே செய்யுது? அப்புறம் என்ன நஷ்டம்?

கம்பெனி பிழைத்தது அண்ணாச்சி, பங்குதாரர் பாடு வேறே. 2014க்கு ஒரு சாதாரணப் பங்குக்கு லாபத்திலிருந்து தந்த ஈவுத்தொகை 4.80 யூரோ, 2015க்கு 0.11. அபராதமும் வழக்குமாகப் போனது 3,000 கோடி யூரோவுக்கு மேல்.

செல்லூர் அண்ணாச்சி: அதான் சொல்றேன், சாயப்பட்டறைக்காரன் தப்பு பண்ணா சீல், பெரியவன் பண்ணா அபராதம்!

கோபம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அபராதம் பங்குதாரர் பையிலிருந்துதான் போகிறது, பொய் சொன்ன அதிகாரி பையிலிருந்து அல்ல. எனக்கு எரிச்சலே அங்கேதான்.

மேலூர் வாசகர்: சார், ஒரே ஒரு பங்கு பேர்...

மேலே சொன்ன பதிலையே படியுங்கள் ஐயா.

உசிலம்பட்டி வாசகர்: இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்து முதலீடு செய்யும்) ஃபண்டு என்றால் பயமில்லையா?

பெயரை நம்பாதீர்கள். ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் என்ற ஃபண்டு நிறுவனம் இஎஸ்ஜி என்று பெருமை பேசித்தான் 2022 மே மாதம் போலீஸ் சோதனையில் சிக்கியது, மறுநாளே தலைவர் விலகுகிறார் என்று அறிவிப்பு. அமெரிக்காவில் மட்டும் 2023இல் 1.9 கோடி டாலர் அபராதம். ஃபண்டு எந்தெந்தப் பங்கு வைத்திருக்கிறது என்ற மாதப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.