எந்த ஹென்றி, மேம்?

கேள்வி: பெங்களூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்டு'. வகுப்பில் பாதி தமிழ்ப் பிள்ளைகள், பாதி கன்னடப் பிள்ளைகள். முதல் நாள் மூன்றாம் எட்வர்டில் ஆரம்பித்து வம்சாவளியை போர்டு முழுக்க எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டபடியே "எந்த ஹென்றி, மேம்?" என்றான். இங்கிலாந்து ராஜாக்களின் பங்காளிச் சண்டை நமக்கெதற்கு என்று நினைப்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: பங்காளிச் சண்டை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதிலிருந்தே ஆரம்பித்திருக்கலாம். போர்டை அழித்துவிடுங்கள்.

கதை இவ்வளவுதான். சித்தப்பா செத்த சூட்டோடு, அயர்லாந்துப் போர்ச் செலவுக்கு என்று சொல்லி, அவர் சொத்து முழுவதையும் ராஜா வாரிச் சுருட்டிக்கொள்கிறான். சித்தப்பாவின் மகன் போலிங்புரோக்கை ஏற்கெனவே நாடு கடத்தியாகிவிட்டது. அவன் "என் அப்பா சொத்தைக் கேட்கத்தான் வந்தேன்" என்று திரும்பி வந்து, கடைசியில் கிரீடத்தையே வாங்கிக்கொள்கிறான். நடந்தது 1399-இல். நான்காம் ஹென்றி என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் இவன்தான், கொட்டாவிப் பையனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இதில் பிள்ளைகளை நிறுத்த வேண்டிய இடம் இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சி. இன்னொரு சித்தப்பாவான யார்க் பிரபு ராஜாவைப் பார்த்துக் கேட்கிறார்: அப்பன் சொத்து மகனுக்கு இல்லையென்றால், நீ மட்டும் எந்த முறையில் ராஜாவானாய்? தாத்தா போனதும் பத்து வயதில், வாரிசு என்ற ஒரே தகுதியில் பட்டத்துக்கு வந்தவன் ரிச்சர்டு. தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுகிறான். ஊரில் பாகப்பிரிவினைத் தகராறு பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றுகூட இருக்காது, பேச விட்டுப் பாருங்கள், மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம், நம் பக்கத்துக் கதைகளைக் கொண்டுவாருங்கள். கன்னடப் பிள்ளைகளுக்குச் சாளுக்கியர் இருக்கிறார்கள். 1076-இல் ஆறாம் விக்ரமாதித்தன் அண்ணன் சோமேசுவரனை இறக்கிவிட்டுக் கல்யாணியில் அரியணை ஏறினான். அவன் அவைப்புலவர் பில்ஹணர் எழுதிய காவியத்தில் அண்ணன்தான் கெட்டவன், தம்பியோ சிவன் ஆணைப்படி நடந்துகொண்டவன். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோழர். சித்தப்பா உத்தமசோழருக்கு ஆசை இருந்ததால் அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்தார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. செப்பேட்டை வெளியிட்டது யார்? அருள்மொழியின் மகன் ராஜேந்திரன்! விட்டுக்கொடுத்தாரா, வேறு வழியில்லையா என்று அங்கேயே ஒரு விவாதம் வைத்துவிடலாம். இதையெல்லாம் பேசிய பிறகு ஷேக்ஸ்பியரிடம் போனால், இவர் யார் பக்கம் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். பிடி கொடுக்க மாட்டார். முதல் பாதியில் ரிச்சர்டு மேல் எரிச்சல் வரும், பின்பாதியில் அழுகை வரும்.

பட்டத்தை இறக்கும் காட்சியை நடிக்கவே வையுங்கள். கிரீடத்துக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் போதும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கட்டும். (ராஜா கண்ணாடி கேட்டு வாங்கி உடைக்கும் இடத்தில் நிஜக் கண்ணாடி வேண்டாம், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.) நடித்து முடித்த பிறகு சொல்லுங்கள்: 1597-இல் முதலில் அச்சான பதிப்பில் இந்தக் கட்டமே கிடையாது. எலிசபெத் ராணி காலமான பிறகு, 1608-இல்தான் அச்சில் வந்தது. 1601 பிப்ரவரியில் எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து, பெரும்பாலும் இதே நாடகத்தைத்தான், போடச் சொன்னார்கள். பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கினார்களாம். மறுநாள் ராணிக்கு எதிராக எசெக்ஸின் கலகம் வெடித்து அன்றே அடங்கிப்போனது, அதே மாதம் எசெக்ஸின் தலையும் போனது. நடிகர்களை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

வம்சாவளி? ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுங்கள், போதும். பரீட்சைக்கு எப்படியும் கைடு வாங்கத்தான் போகிறார்கள்.

கேள்வி: மூன்றாம் ரிச்சர்டு நிஜமாகவே கூனனா?
– ஒரு மாணவர், மல்லேஸ்வரம்

பதில்: 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் கொஞ்சம் ஏறியிருந்திருக்கும், அவ்வளவுதான், முதுகில் கூன் இல்லை. 1485-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் அவரை வென்றவர் ஏழாம் ஹென்றி, அதாவது எலிசபெத் ராணியின் தாத்தா. மேலே பில்ஹணரைப் பற்றிச் சொன்னேனே, ஜெயித்தவர் பக்கம் நின்று தோற்றவரைக் கெட்டவராக்குவது, அதே வேலைதான் இங்கும். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் சூம்பிய கைக்கு அந்த எலும்புகளில் அடையாளமே இல்லை.