ஒரு மாதச் சம்பளம் கொடுத்தால் ஆளை நிறுத்திவிடலாமா?

வள்ளியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாசகரின் கேள்வி: “கடையில் 12 பேர். ஆறு வருடமாக பில் போடுகிறவர்மேல் சந்தேகம். பில் இல்லாமல் பெயின்ட் டப்பா வெளியே போகிறது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாமா?”

சொல்லாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 இரண்டு கேட்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும். நம் பக்கத்தில் பலரும் இரண்டாவதை மட்டும் கேள்விப்பட்டு வைத்திருக்கிறார்கள்.

திருட்டு போன்ற ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம். உடனே “அப்போ இன்றைக்கே அனுப்பிவிடலாமே” என்பார்கள். முடியாது. விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவாகி, குற்றம் நிரூபணமானால்தான் இந்த விலக்கு. எந்தத் தேதியில், எந்தச் சரக்கு, எத்தனை டப்பா என்று குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள். “கணக்கில் குளறுபடி” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிற்காது. விளக்கம் எழுத அவகாசம் கொடுங்கள். விசாரிக்கிறவர் நீங்களோ உங்கள் மச்சானோ ஆகக் கூடாது, வெளியாள் என்றால் நல்லது. ஸ்டாக் எடுத்த பையன் சாட்சி சொன்னால், அவனைக் குறுக்கு விசாரணை செய்ய, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். கடிதத்தைக் கையில் வாங்க மாட்டேன் என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். “வாங்க மறுத்தார்” என்று எழுதித் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கொடுக்க வேண்டும். இழுக்க இழுக்க அது கூடும்.

இங்கேதான் புரோக்கர்கள் நுழைவார்கள். “வெத்துத்தாளில் கையெழுத்து வாங்கிருங்க அண்ணாச்சி, ராஜினாமான்னு நான் எழுதிக்கிடுதேன்” என்பார்கள். ஸ்டேஷனில் உட்காரவைத்து எழுதி வாங்கலாம் என்றும் ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று அவர் சொன்ன நிமிடம் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில். கமிஷன் வாங்கியவரை அப்புறம் போனில்கூடப் பிடிக்க முடியாது. உண்மையிலேயே திருட்டு என்றால் போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அது தனி, கடை விசாரணை தனி.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கோபம் வரும். எனக்கும் வருகிறது. 12 பேர் கடைக்காரரிடம் பெரிய மில்லிடம் கேட்கிற அதே சம்பிரதாயத்தைக் கேட்கிறார்கள். எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுக்க ஆள் இல்லை. வழக்கு திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றம் போனால் வாய்தாமேல் வாய்தா. வருடங்கள் கழித்து, இடைப்பட்ட காலத்துச் சம்பளத்தோடு திரும்ப வேலை கொடு என்று உத்தரவு வந்தால் சின்னக் கடை தாங்காது. தொழிலாளி பக்கமும் அத்தனை வருடம் அடுப்பு எரிய வேண்டுமே.

கடைசியாகப் பணம். நிறுத்திய இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள கடை, ஐந்து வருடம் தாண்டியவர் என்பதால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆறு வருடத்தாலும் பெருக்கினால் 45,000 ரூபாய். அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். திருட்டு என்று நீங்கள் சொல்வதால் மட்டும் அதைப் பிடித்துவைக்க முடியாது. எல்லாவற்றையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.