வாசகர் கேள்வி பதில்: தேயிலை நட வந்தவர் திரைக்குப் போன கதை

கேள்வி: 'கசபிளங்கா' படத்தில் துருக்கித் தொப்பியோடு ஈ அடித்துக்கொண்டிருக்கும் பருத்த மனிதர், ஒரு காலத்தில் நம் நாட்டில் தேயிலைத் துரையாக இருந்தவர் என்கிறார்களே, மெய்யா? (ஹட்டன் வாசகர்)

பதில்: மெய்தான். அவர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட். 1879 டிசம்பர் 27இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில், தோல் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தேயிலையில் பணம் பண்ணலாம் என்று 18 வயதில் இலங்கைக்கு வந்தார். வரட்சி அவரைக் கவிழ்த்தது. அது எப்படி என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிம்புளைப் பக்கம் தை, மாசியிலும் ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியிலும் வெயில் நீண்டால் கொழுந்து நின்றுவிடும். செடி பிழைத்தாலும் பெக்டரிக்குப் போக இலை இருக்காது. ஊர் திரும்பியவர் பியர் வடிசாலை ஒன்றை நிர்வகித்தார். பொழுது போகாமல், ஷேக்ஸ்பியர் நாடகக் குழு நடத்திய பென் கிரீட்டிடம் நடிப்புப் பழகினார். நம் நாட்டில் இருந்தது கொஞ்சக் காலம்தான். அவரிடம் நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பின் வந்த 40 வருடங்கள்.

கேள்வி: அறுபதைத் தாண்டித்தான் முதல் படமாம். அதுவரை எங்கே இருந்தார்? (பண்டாரவளை வாசகி)

பதில்: மேடையில். 1902இல் ராம்ஸ்கேட் நகரில், ஷெர்லொக் ஹோம்ஸ் நாடகம் ஒன்றில் கொலைகாரனாகத் தொடங்கினார். 1905இல் நியூயோர்க் மேடை ஏறினார். பிறகு ஷேக்ஸ்பியர், பாட்டு நாடகம், நகைச்சுவை என்று எது வந்தாலும் நடித்தார். 1930களில் அல்பிரட் லன்ட், லின் பொன்டான் என்ற பெயர் பெற்ற மேடைத் தம்பதியோடு நடித்தார். சினிமா கூப்பிட்டபோதெல்லாம் மறுத்தவர், 1941இல் ஜோன் ஹூஸ்டன் இயக்கிய முதல் படமான 'த மோல்டீஸ் பால்கன்'இல் 61 வயதில் நடித்தார். அத்தனை வருட மேடைக்காரருக்கே கமெராவைக் கண்டு உதறல்; படத்தின் கதாநாயகி மேரி ஆஸ்டரிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். அந்த வேடத்துக்கு ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது. பரிசு டொனால்ட் கிரிஸ்ப்புக்குப் போயிற்று. 1949 வரை படங்கள். அவற்றில் ஒன்பது, நடிகர் பீட்டர் லொரேயோடு. பிறகு ஒரு வானொலித் துப்பறியும் தொடர். 1954இல் காலமானார்.

கேள்வி: காமன் கூத்தில் வீரபத்திரன் கட்டுகிறவன் நான். பெரிய உடம்பு, பெரிய குரல். தம்பிமார் எடுக்கும் குறும்படத்தில் வில்லன் வேடம் தந்திருக்கிறார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் நான் கத்துவது போலவும் குதிப்பது போலவும் இருக்கிறது. என்ன செய்ய? (மஸ்கெலியா வாசகர்)

பதில்: உங்கள் நடிப்பில் குறை இல்லை, அளவுதான் மாற வேண்டும். தப்புச் சத்தத்தைத் தாண்டி திடலின் கடைசி ஆளுக்கும் கேட்கப் பழகிய தொண்டை அது.

'மோல்டீஸ் பால்கன்'இல் அந்தக் கறுப்புப் பறவைச் சிலையைச் சுரண்டும் இடத்தை நாலு தரம் பாருங்கள். கிரீன்ஸ்ட்ரீட் பேனாக் கத்தியால் மெதுவாகச் சுரண்டுகிறார். கை வேகம் பிடிக்கிறது, மூச்சு கனக்கிறது. பொன் என்று நம்பியது ஈயம் என்று தெரிகிறது. பக்கத்தில் லொரே கத்தித் தீர்த்து அழுகிறார். கதையில் 17 வருடம் அதைத் தேடிய கிரீன்ஸ்ட்ரீட்டோ, ஏமாற்றத்தை விழுங்கிச் சிரித்துவிட்டு அடுத்த பயணத்துக்குத் தயாராகிறார். ஒரு நேரத்தில் ஒரு அசைவுதான். இதைத்தான் நீங்கள் பழக வேண்டும்: ஒரு வசனத்துக்கு ஒரு கை வேலை, முடிந்ததும் கையைச் சும்மா விடுங்கள்.

குரலை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பேசும் அளவுக்கு இறக்குங்கள். சட்டை மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். ஒலிப்பதிவு மீட்டரில் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். வில்லன் சிரிப்பு திடீரென எகிறும்; இடம் விடாவிட்டால் ஒலி கிழியும், பிறகு திருத்த முடியாது. கூத்தில் கூட்டத்தின் தலைக்கு மேலே பார்ப்பீர்கள். இங்கே எதிர் நடிகரின் கண்களில் கமெராவுக்குக் கிட்ட உள்ள ஒன்றை மட்டும் பாருங்கள், பார்வை அலையாது.

உடம்பை மறைக்கப் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் கிரீன்ஸ்ட்ரீட்டைக் கீழிருந்து எடுத்தார். வயிறே அதிகாரமாகத் தெரிந்தது. தம்பிமார் போனை இடுப்பு உயரத்தில் வைக்கட்டும். ஆனால் 2 அடியில் நின்று எடுத்தால் வயிறு பானையாகவும் தலை எலுமிச்சையாகவும் வரும், பயப்பட வேண்டியவர்கள் சிரிப்பார்கள். 7 அடி பின்னால் போய் 2 மடங்கு லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். லயக் காம்பராவில் கீழிருந்து எடுத்தால் கூரைத் தகரமும் தொங்கும் பல்பும் படத்துக்குள் வந்துவிடும். பல்பை அணைத்துவிட்டுக் கதவோரம் உட்காருங்கள், வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழட்டும்.

கேள்வி: அவர் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்? (நானுஓயா வாசகர்)

பதில்: 'மோல்டீஸ் பால்கன்', பிறகு 1944இன் 'த மாஸ்க் ஒப் டிமிட்ரியோஸ்'. இரண்டாவதில் அவரும் லொரேயும் படம் முழுக்கத் தாங்குகிறார்கள். ஒருதரம் சத்தத்தை அடைத்துவிட்டு, அவர் கைகளை மட்டும் பாருங்கள்.