எல்லா ஷொக்குக்கும் சேலைன் மருந்தல்ல

கேள்வி: கொழுந்து மலையில் குளவி கொட்டி ஒருவர் மயங்கினால்?

பதில்: ஒவ்வாமையால் வந்த ஷொக்காக இருக்கலாம், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை. கூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டியபடி உட்காரலாம். கைத்தாங்கலாக ரோட்டுக்கு நடத்திப் போவதுதான் ஆபத்து. இரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும்போது நிமிர்ந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் சட்டென்று குறைந்து, அங்கேயே உயிர் போகலாம். தூக்கித்தான் போக வேண்டும். 1990 அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள்.

மருந்து அட்ரினலின். பெரியவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மி.லி., தொடையின் நடுவே வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. பிரஷர் விழுந்திருந்தால் சேலைனும் வேகமாக ஏற வேண்டும். பிரிட்டோனும் (ஒவ்வாமை மாத்திரை, ஊசி) ஹைட்ரோகோட்டிசோனும் (ஸ்டீரொயிட்) போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். இரண்டும் விழுந்த பிரஷரைத் தூக்காது. தேறியவரையும் உடனே லயத்துக்கு அனுப்பாதீர்கள், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்ப வரலாம்.

கேள்வி: மகனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, கைகால் மட்டும் சில்லென்று இருக்கிறது. பிரஷர் 100/85. பயமில்லைதானே?

பதில்: பயப்பட வேண்டும், இப்போதே வார்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 15தான். 20க்கு இறங்கினாலே ஷொக். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிகிறது. உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிப்பதால் கீழ் எண் ஏறும், மேல் எண் கடைசியில்தான் விழும். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் எடுத்தால் சுற்றோட்டம் குறைந்துவிட்டது.

கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதற்குள் சேலைனை அளவில்லாமல் ஏற்றினால், கசிவு நின்றதும் அந்த நீர் குழாய்க்குள் திரும்பி நுரையீரலை நிரப்பும். அதனால்தான் மணிக்கு மணி சிறுநீர் அளக்கிறார்கள்.

கேள்வி: மாரடைப்பில் பிரஷர் விழுந்தால்?

பதில்: பழுது பம்பில், அதாவது இதயத்தில். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் சேலைன் கெடுதல். அடைப்பைத் திறப்பதுதான் வைத்தியம்.

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்கு இரத்தம் போகிறது, பல்ஸ் 120, பிரஷர் நல்லாத்தான் இருக்கிறது.

பதில்: பல்ஸை நம்புங்கள். இளம் தாய்க்கு நிறைய இரத்தம் போன பிறகே பிரஷர் விழும். கருப்பையைத் தேய்த்து இறுக்கி, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிடோசினும், 3 மணி நேரத்துக்குள் இரத்தப் போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராமும் கொடுக்க வேண்டும். போன இரத்தத்துக்கு ஈடு இரத்தம்தான்.

கேள்வி: மரத்திலிருந்து விழுந்தவருக்கு பிரஷர் 80, பல்ஸ் 50, தோல் சூடு?

பதில்: முள்ளந்தண்டு நரம்பு அடிபட்டிருக்கலாம். கழுத்தை அசைக்காதீர்கள். ஆனாலும் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இல்லையென்று ஸ்கேனில் உறுதியாகும்வரை இரத்தப் போக்கு என்றே வைத்துப் பாருங்கள்.