மின் விநியோக நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை எப்படி இருக்கும்?

தனியார் மென்பொருள் நிறுவனத்தை விட்டு மின் விநியோக நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குப் போனால் மூளை துருப்பிடித்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காது. தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு அப்படியொரு பிரிவில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

அங்கே நிரல் எழுதுவதைவிட விதிகளைப் படிப்பதுதான் பெரிய வேலை. வீட்டு மின்கட்டணத்தையே பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கட்டண அட்டவணை. 501-ஐத் தொட்டால் அட்டவணையே வேறு. அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ‘500-க்கு மேல்’ என்பதை ‘500 முதல்’ என்று நிரலில் எழுதிவிட்டால் போதும், கொருக்குப்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டில் அன்று சோறு இறங்காது.

நிர்வாக மாற்றங்களும் வரும். 1957-இல் அமைந்த மின்சார வாரியம் 2010-இல் நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024-இல் மறுபடியும் பிரிந்தது. மக்களுக்கு இன்றும் அது ‘ஈ.பி.’தான்.

வேலையில் சேர்ந்தால் ஒரு நாளாவது கணக்கீட்டாளருடன் தெருவில் நடந்துவிடுங்கள். நான் போன அன்று மாடிப்படிக்கு அடியில், சைக்கிளுக்குப் பின்னால் இருந்தது மீட்டர். கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்துப் பதிவு செய்தார். குறுஞ்செய்தி வரும் என்றேன். வீட்டுக்கார அம்மா ஓரம் கிழிந்த வெள்ளை அட்டையை நீட்டி, “அது கிடக்கட்டும் தம்பி, இதில் எழுதுங்கள்” என்றார்.